பிக் ஸ்டார்: கடைக்கு வந்து சேராத இசைத்தட்டுகள்

பிக் ஸ்டார், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிஸ் நகரில் 1971 முதல் 1974 வரை இயங்கிய ராக் இசைக்குழு. கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ் ஆகிய நால்வர் இதன் தொடக்க உறுப்பினர்கள். இக்குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்த காலத்தில் 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை. இரண்டாவது ஆல்பம் ஏறத்தாழ 20,000 பிரதிகள் விற்றது. மூன்றாவதை வெளியிட ஒரு நிறுவனமும் முன்வராததால் அது நான்கு ஆண்டுகள் நாடாவிலேயே கிடந்தது. 2003ஆம் ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலை வெளியிட்டபோது இந்த மூன்றும் அதில் இடம்பெற்றன.

இத்தகைய குழுக்களைப் பற்றிப் பேசும்போது ‘காலத்தை முந்திய இசை’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பிக் ஸ்டாரின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. மூன்று நிமிடப் பாடல்கள், ஒருமுறை கேட்டதும் மனதில் நிற்கும் மெட்டுகள், பல குரல்கள் இழைந்த பல்லவிகள், பளிச்சென்ற கிட்டார் ஒலி ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம். பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த 1972ஆம் ஆண்டின் அமெரிக்க இளைஞருக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை. கேட்டவர்கள் அந்த இசையை நிராகரிக்கவில்லை. கேட்க விரும்பியவர்களின் கைக்கு அது போய்ச் சேரவில்லை. பிக் ஸ்டாரின் வரலாற்றில் பாதி இசை வரலாறு என்றால் மறுபாதி சரக்கு விநியோகத்தின் வரலாறு.

ஆர்டென்ட் ஒலிப்பதிவுக்கூடம்

மெம்ஃபிஸ், கறுப்பினத்தவரின் ப்ளூஸ், சோல் இசைகளுக்கும் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவுகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அந்நகரில் ஜான் ஃப்ரை என்ற இளைஞர் பள்ளிப் பருவத்திலேயே தன் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளைச் சேர்த்துத் தொடங்கியதுதான் ஆர்டென்ட். அப்போது அவருடன் சேர்ந்திருந்த நண்பர்களில் ஒருவர் ஃப்ரெட் ஸ்மித். பின்னாளில் ஃபெடெக்ஸ் என்ற உலகளாவிய பொட்டல அஞ்சல் நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். பொருளை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் கலையில் உலகையே வென்ற ஒருவர் தொடக்கத்தில் இருந்த இடத்திலிருந்துதான் கடைக்குப் போய்ச்சேராத இசைத்தட்டுகள் வெளிவந்தன என்பது இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

1960களின் இறுதியில் ஆர்டென்ட் முழுமையான தொழில்முறைக் கூடமாக வளர்ந்திருந்தது. நகரின் பெரிய சோல் இசை நிறுவனமான ஸ்டாக்ஸ், தன் சொந்தக் கூடத்தில் இடம் போதாதபோது ஆர்டென்டில் பதிவுசெய்தது. லெட் ஸெப்பலினின் மூன்றாவது ஆல்பத்தின் ஒலிக்கலவை வேலை 1970ல் இங்கே நடந்தது. பகலில் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்கு வேலைசெய்த ஃப்ரை, ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒலிப்பதிவு நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தார். தேறியவர்களிடம் கூடத்தின் சாவியையே கொடுத்து, இரவில் விரும்பியதைப் பதிவுசெய்துகொள்ள அனுமதித்தார். பல்லாயிரம் டாலர் மதிப்புள்ள கருவிகளை இருபது வயதுப் பையன்களிடம் நம்பி ஒப்படைத்த இந்தப் பெருந்தன்மை இல்லாமல் பிக் ஸ்டார் இல்லை.

அந்தச் சாவி கிடைத்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ் பெல் (1951–1978). வசதியான உணவகத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். பீட்டில்ஸ் மேல் பித்துக்கொண்டவர். ஊர் முழுக்க சோல் இசையில் மூழ்கியிருந்தபோது இங்கிலாந்து கிட்டார் இசையை மெம்ஃபிஸில் உருவாக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். பள்ளித் தோழர் ஆண்டி ஹம்மலும் டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீவன்ஸும் அவருடன் இருந்தனர். ஐஸ்வாட்டர், ராக் சிட்டி என்று வெவ்வேறு பெயர்களில் இந்த வட்டத்தினர் பதிவுகள் செய்துவந்தனர். 1971ல் நான்காவது ஆளாக வந்துசேர்ந்தவர், ஏற்கெனவே நாடறிந்த பாடகர்.

பதினாறு வயதில் முதலிடம்

அலெக்ஸ் சில்டன் 1950 டிசம்பர் 28 அன்று மெம்ஃபிஸில் பிறந்தார். தந்தை ஜாஸ் இசைக்கலைஞர். பதினாறு வயதில் பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவின் பாடகராக அவர் பாடிய ‘தி லெட்டர்’ 1967ல் பில்போர்ட் தரவரிசையில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இரண்டு நிமிடங்கள்கூட நீளாத அந்தப் பாட்டைக் கேட்டவர்கள், முரட்டுக் குரலுள்ள நடுவயதுக்காரர் ஒருவர் பாடுவதாகவே நினைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘க்ரை லைக் எ பேபி’ இரண்டாமிடம் பிடித்தது.

ஆனால் அந்தப் புகழில் சில்டனுக்குச் சொந்தமானது குரல் மட்டுமே. பாடல்களைப் பிறர் எழுதினார்கள். எப்படிப் பாட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவுசெய்தார். பல பதிவுகளில் வாத்தியங்களைக்கூடக் குழுவினர் வாசிக்கவில்லை; கூடத்தின் கூலிக் கலைஞர்கள் வாசித்தார்கள். சலித்துப்போன சில்டன் 1970ல் குழுவை விட்டு விலகினார். சிறிது காலம் நியூயார்க்கில் தங்கி கிட்டார் வாசிப்பையும் பாட்டெழுதுவதையும் வளர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

புதிய குழுவில் பாடியபோது அவர் குரலே மாறியிருந்தது. ‘தி லெட்டர்’ பாட்டின் கரகரப்புக்குப் பதிலாக மெலிந்த, உயர்ந்த, சற்றே நடுங்கும் குரல். அதுவே அவருடைய இயல்பான குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. பிறர் எழுதிய பாட்டை இன்னொரு குரலில் பாடியபோது பத்து லட்சக் கணக்கில் தட்டுகள் விற்ற அதே ஆள், சொந்தக் குரலில் சொந்தப் பாட்டைப் பாடியபோது சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. ஐந்தே ஆண்டு இடைவெளியில் இந்த இரண்டும் நடந்தன. பிக் ஸ்டார் விற்காமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

முதல் ஆல்பம்

மேடிசன் அவென்யூவில் ஆர்டென்ட் கூடத்துக்கு எதிரே ‘பிக் ஸ்டார்’ என்ற மளிகைக் கடை இருந்தது. பல ஊர்களில் கிளைகள் கொண்ட அங்காடி அது. குழுவினர் அதன் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயரிட்டார்கள். பெரிய நட்சத்திரம், முதலிடத்துத் தட்டு என்று பாதி கேலியாகவும் பாதி ஆசையாகவும் வைத்த பெயர்கள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது கேலி மட்டும் மிஞ்சியது.

1972ல் வெளிவந்த இந்த ஆல்பத்தில் பெல்லும் சில்டனும், லெனன்–மெக்கார்ட்னி இணையைப் போலவே, பெரும்பாலான பாடல்களுக்கு இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். ‘தி பேலட் ஆஃப் எல் குடோ’வில் அடுக்கடுக்காக எழும் குரல்கள், ‘தர்ட்டீன்’ பாட்டில் மரக் கிட்டார்களை மட்டும் துணைக்கு வைத்துச் சொல்லப்படும் பதின்பருவக் காதல், ‘இன் தி ஸ்ட்ரீட்’டில் வேலையற்ற மாலைப்பொழுதின் சுற்றல் என ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. ஹம்மல் தன் பங்குக்கு ‘தி இந்தியா சாங்’ என்று ஒன்றை எழுதினார். இந்தியாவைப் பார்த்திராத தென்மாநிலப் பையனின் பகல்கனவு அது. ஆல்பத்தின் பலவீனமான பாட்டும் அதுதான்.

ஃப்ரையின் ஒலிப்பதிவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கிட்டார் நரம்பும் கண்ணாடிச் சில்லுபோலத் தெளிவாகக் கேட்கும் பதிவு அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் தூசு படியவில்லை. இசை வணிக இதழ்களும் விமர்சகர்களும் ஆல்பத்தை வரவேற்றார்கள். வானொலி நிலையங்கள் சிலவற்றில் பாடல்கள் ஒலித்தன. கேட்டவர்கள் கடைக்குப் போனார்கள். கடையில் தட்டு இல்லை.

தட்டு எங்கே போனது

இசைத்தட்டு அச்சாகிக் கடைக்குப் போகும் வழியைத் தெரிந்துகொண்டால்தான் இங்கே நடந்தது விளங்கும். 1970களின் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கிளைகள் மூலம் நாடெங்கும் தட்டுகளை அனுப்பின. சிறு நிறுவனங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்த சுயேச்சையான மொத்த வியாபாரிகளை அவை நம்பியிருந்தன. அந்த வியாபாரிகள் ஊர்ச் சிறு கடைகளை அறிந்தவர்கள். உள்ளூர் வானொலியில் எது ஓடுகிறது என்று பார்த்து அதற்கேற்பச் சரக்கு அனுப்பியவர்கள்.

ஆர்டென்ட் தன் தட்டுகளை ஸ்டாக்ஸ் மூலம் வெளியிட்டது. ஸ்டாக்ஸ் சோல் இசை உலகின் ஜாம்பவான். ஓட்டிஸ் ரெட்டிங்கும் ஐசக் ஹேய்ஸும் அதன் கலைஞர்கள். கறுப்பினத்தவரின் வானொலி நிலையங்களிலும் கடைகளிலும் அதன் செல்வாக்குக்கு ஈடில்லை. ஆனால் வெள்ளை இளைஞர்களின் கிட்டார் ராக் தட்டை எந்தக் கடையில் வைப்பது, எந்த வானொலிக்குக் கொண்டுபோவது என்பதில் அதற்கு அனுபவம் இல்லை. அந்தச் சந்தைக்குள் நுழையும் ஆசையில்தான் அது ஆர்டென்டுடன் கைகோத்தது. முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது சிக்கல் பெரியது. 1972ன் பிற்பகுதியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகம் முழுவதையும் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் சோல் இசைச் சந்தையில் காலூன்ற விரும்பினார். ஸ்டாக்ஸின் அல் பெல் நாடளாவிய பெருங்கடைகளை எட்ட விரும்பினார். காகிதத்தில் இருவருக்கும் லாபம். ஆனால் சொந்தக் கிளைகள் உள்ள கொலம்பியாவுக்கு, ஸ்டாக்ஸ் அதுவரை நம்பியிருந்த சுயேச்சை வியாபாரிகள் தேவைப்படவில்லை. அவர்கள் வழியாகக் கடைகளுக்குப் போயிருந்த ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ பிரதிகளும் திரும்ப எடுக்கப்பட்டன. வெளிவந்து சில மாதங்களே ஆன, பேச்சு பரவத் தொடங்கிய ஆல்பம் அலமாரியிலிருந்து மறைந்தது. புதிய வழியில் அதை மீண்டும் அனுப்ப கொலம்பியாவில் யாருக்கும் அக்கறை இல்லை.

1973 மே மாதம் கிளைவ் டேவிஸ் கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தை விரும்பிச் செய்தவர் போன பிறகு அது இரு நிறுவனங்களுக்கும் இடையே பகையாக மாறியது. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலாகி மூடப்பட்டது. பிக் ஸ்டாரின் தோல்வியை மட்டும் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த இடிபாட்டில் சிக்கியவர்களில் பெரும்பான்மையினர் சோல் இசைக் கலைஞர்கள், ஸ்டாக்ஸின் ஊழியர்கள். பிக் ஸ்டார் அந்தப் பெரிய விபத்தில் ஓரமாக நின்றிருந்து அடிபட்ட ஒரு குழு மட்டுமே.

அதே காலத்தில் ஆர்டென்ட் வெளியிட்ட இன்னொரு குழு கார்கோ. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவிலிருந்து வந்தவர்கள். 1972ல் அவர்களுடைய ஆல்பமும் வந்தது. அதுவும் நல்ல பெயர் எடுத்தது. அதுவும் இதே வழியில் காணாமல் போனது. பிக் ஸ்டாருக்கு வாய்த்த பிற்காலப் புகழ் கார்கோவுக்கு வாய்க்கவில்லை. இன்று அக்குழுவின் பெயரைச் சொன்னால் மிகச் சிலருக்கே தெரியும்.

பெல் விலகல்

இந்தத் தோல்வி மற்ற மூவரையும்விட கிறிஸ் பெல்லைத்தான் உடைத்தது. குழுவை உருவாக்கியவர் அவர். ஒலியைத் தீட்டியவரும் அவரே. ஆனால் வெளிவந்த விமர்சனங்கள் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த சில்டனையே மையமாக வைத்துப் பேசின. தட்டும் விற்கவில்லை, அது தன் தட்டு என்று உலகுக்குத் தெரியவும் இல்லை. கடும் மனச்சோர்வுக்கு ஆளான பெல் 1972ன் இறுதியில் குழுவை விட்டு வெளியேறினார். மற்றவர்களும் சோர்ந்து குழு ஏறக்குறைய கலைந்துவிட்டது.

எழுத்தாளர்களின் விருந்து

1973 மே மாதம் மெம்ஃபிஸில் நடந்த ஒரு கூட்டம் குழுவை மீண்டும் ஒன்றுசேர்த்தது. ஆர்டென்டின் விளம்பரப் பணியைப் பார்த்துவந்த ஜான் கிங், நாடெங்குமிருந்து ராக் இசை எழுத்தாளர்களை அழைத்து ஒரு மாநாடு கூட்டினார். ராக் எழுத்தாளர்களுக்குச் சங்கம் அமைப்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். தங்கள் குழுக்களை அவர்கள் முன் மேடையேற்றுவது உள்நோக்கம். லெஸ்டர் பேங்ஸ், ரிச்சர்ட் மெல்ட்ஸர், பின்னாளில் திரைப்பட இயக்குநரான கேமரன் குரோ என நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர். சங்கம் உருப்படவில்லை. ஆனால் லஃபாயெட்ஸ் மியூசிக் ரூம் என்ற அரங்கில் பெல் இல்லாத மூவர் பிக் ஸ்டார் வாசித்தபோது, எதற்கும் எளிதில் அசையாத அந்தக் கூட்டம் எழுந்து ஆடியது. அந்த ஓர் இரவின் வரவேற்பில்தான் குழு தொடர்ந்து இயங்க முடிவுசெய்தது.

இக்குழுவின் பிற்காலத்தைத் தீர்மானித்ததும் அந்த இரவே. எழுத்தாளர்களுக்கு விளம்பரப் பிரதிகள் இலவசமாகக் கிடைத்தன. கடையில் கிடைக்காத தட்டு நாடெங்கும் விமர்சகர்களின் வீட்டு அலமாரியில் இருந்தது. பிக் ஸ்டாரின் முதல் ரசிகர் கூட்டம் தட்டை விலைகொடுத்து வாங்காதவர்களால் ஆனது என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

ரேடியோ சிட்டி

1974 தொடக்கத்தில் வெளிவந்த ‘ரேடியோ சிட்டி’ முதல் ஆல்பத்தின் மெருகைக் கொண்டதல்ல. பெல்லின் ஒழுங்கு போய் சில்டனின் அவசரம் வந்திருந்தது. தாளம் சில இடங்களில் விழுவதுபோல் தள்ளாடி மீண்டும் எழும். கிட்டார் கூர்மையாகக் குத்தும். எல்லாம் சேர்ந்து முதலாவதைவிட உயிர்ப்பான ஆல்பம் என்பதே பல விமர்சகர்களின் முடிவு. அது சரியான முடிவும்கூட. இதிலுள்ள ‘செப்டெம்பர் கேர்ல்ஸ்’ மூன்று நிமிடத்துக்குள் முடியும் கிட்டார் பாட்டுகளில் இன்றும் உச்சமாகப் பேசப்படுவது.

உறையில் அச்சான படமும் வரலாற்றுச் சிறப்புடையது. சிவப்பு வண்ணம் பூசிய கூரையில் தொங்கும் ஒற்றை விளக்கும் மூன்று பக்கம் ஓடும் வெள்ளை மின்கம்பிகளும் கொண்ட அந்தப் படத்தை எடுத்தவர் வில்லியம் எகிள்ஸ்டன். சில்டன் குடும்பத்தின் நண்பர். வண்ணப் புகைப்படத்தைக் கலையாக ஏற்கச் செய்தவர்களில் முதல்வராக அவரை உலகம் பின்னாளில் கொண்டாடியது. அந்தக் காலத்தில் விற்காத தட்டின் உறையாக மட்டுமே அது சிலர் கண்ணில் பட்டது.

மறுபடியும் பாராட்டு வந்தது. மறுபடியும் விநியோகம் முறிந்தது. ஸ்டாக்ஸுடன் சண்டையிலிருந்த கொலம்பியா ஆல்பத்தைக் கையாள மறுத்தது. ஹம்மல், இதில் வாழ்க்கை நடத்த முடியாது என்று முடிவுகட்டிப் படிப்பை முடிக்கப் போனார். பிறகு டெக்சஸ் மாநிலத்தில் விமானத் தொழிலில் பொறியாளராக வேலை பார்த்தார். நால்வரில் இசைத் தொழிலை மறந்து நிம்மதியாக வாழ்ந்தவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது.

எல்லாப் பழியையும் கொலம்பியாவின் தலையில் போடுவதும் நியாயமாகாது. பிக் ஸ்டார் மேடையேறிய நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. ஊர் ஊராகச் சுற்றி வாசித்து, வாகனத்தின் பின்பக்கத்தில் தட்டுகளை வைத்து விற்றுப் பேரெடுத்த குழுக்கள் அந்தக் காலத்திலும் இருந்தன. கூடத்திலேயே வளர்ந்த பிக் ஸ்டாருக்கு அந்தப் பழக்கமில்லை. சில்டனோ பதினாறு வயதிலிருந்தே ஊர் சுற்றி வெறுத்துப்போனவர். விநியோகம் கைவிட்டபோது தாங்கிப் பிடிக்க வேறு வழி எதையும் குழு வைத்திருக்கவில்லை.

மூன்றாவது

1974ன் இறுதியில் சில்டனும் ஸ்டீவன்ஸும் மட்டும் ஆர்டென்டுக்குத் திரும்பினார்கள். தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘வைல்ட் ஹார்சஸ்’ பதிவில் பியானோ வாசித்தவர். இருமுறை ஏமாந்த ஒருவர் இனி யாருக்காகவும் பாட வேண்டியதில்லை என்று தீர்மானித்தால் எப்படி இருக்குமோ அப்படியே இந்தப் பதிவுகள் அமைந்தன. ‘ஹாலகாஸ்ட்’, ‘கங்காரு’ போன்ற பாடல்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கலைந்துபோவதுபோல் ஒலிக்கின்றன. இடையிடையே நரம்பிசையின் திடீர் அழகு. எகிள்ஸ்டன்கூட ஒரு பழைய ஜாஸ் பாட்டுக்குப் பியானோ வாசித்தார். தலைப்பும் முடிவாகவில்லை, பாடல் வரிசையும் முடிவாகவில்லை. ‘தர்ட்’ என்றும், சில்டனும் ஸ்டீவன்ஸும் அப்போது சகோதரிகள் இருவரைக் காதலித்ததால் ‘சிஸ்டர் லவர்ஸ்’ என்றும் இருவகையாக அழைக்கப்பட்டது.

ஃப்ரையும் டிக்கின்சனும் மாதிரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார்கள். யாரும் வாங்கவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் இதற்கும் இங்கே வேறுபாடு உண்டு. அவை வெற்றிபெற்றிருக்க வேண்டியவை, தடுக்கப்பட்டன. இதுவோ எந்த விநியோக வசதி இருந்தாலும் 1975ல் பெரிதாக விற்றிருக்காது. முந்தைய தோல்விகளே இதன் பொருளாக இருப்பதால், அந்தத் தோல்விகள் இல்லாமல் இப்படியோர் ஆல்பம் பிறந்திருக்கவும் முடியாது. 1978ல் பி.வி.சி. என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டபோது குழு கலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆண்டுதான் பெல்லின் ஒரே தனித் தட்டும் வெளிவந்தது. குடும்பத்தின் உணவகத்தில் மேலாளராக வேலை பார்த்துக்கொண்டே அவர் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்துவந்த பாடல்களில் இரண்டை, இளம் இசைக்கலைஞர் கிறிஸ் ஸ்டேமி தன் சிறு நிறுவனத்தின் மூலம் சிங்கிளாக வெளியிட்டார். ஒரு பக்கம் ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’, மறுபக்கம் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’. இரண்டாவது பாட்டில் பின்குரல் கொடுத்தவர் சில்டன். விலகிப்போன இருவரும் ஒரே பாட்டில் சேர்ந்து ஒலிக்கும் அபூர்வமான பதிவு அது. 1978 டிசம்பர் 27 அதிகாலை, மெம்ஃபிஸ் சாலையொன்றில் பெல் ஓட்டிவந்த கார் மின்கம்பத்தில் மோதியது. அப்போது அவருக்கு வயது 27. எஞ்சிய பாடல்கள் ஆல்பமாக வெளிவர 1992 ஆயிற்று.

கைமாறிக் கைமாறி

1978ல் இங்கிலாந்தில் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே உறையில் மறுபதிப்பாயின. அமெரிக்காவில் பழைய பிரதிகள் கழிவு விலைக் கூடைகளில் கிடந்தன. இந்த இரு வழிகளிலும் அவை சேர வேண்டிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக், ஸ்டேமியின் டி.பி.ஸ் குழு, ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் எனப் பிக் ஸ்டாரிடமிருந்து கற்றவர்களின் வரிசை நீளமானது. 1984ல் திஸ் மார்ட்டல் காயில் குழு ‘கங்காரு’வையும் ‘ஹாலகாஸ்ட்’டையும் மீண்டும் பதிவுசெய்தது. 1986ல் தி பேங்கிள்ஸ் ‘செப்டெம்பர் கேர்ல்ஸ்’ பாட்டைத் தங்கள் ‘டிஃபரன்ட் லைட்’ ஆல்பத்தில் சேர்த்தார்கள். அந்த ஆல்பம் பத்து லட்சக் கணக்கில் விற்றது. தன் பாட்டு கடைசியில் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதைப் பாடியது இன்னொருவர் குரல்.

சில்டன் இந்த வருடங்களில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவியும் மரம் வெட்டும் வேலை பார்த்தும் பிழைத்தார். 1987ல் தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு அவர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டது. அதைப் பதிவுசெய்தது ஆர்டென்ட் கூடத்தில்; தயாரித்தவர் ஜிம் டிக்கின்சன்.

இந்தக் கொண்டாட்டத்தைச் சில்டன் ரசிக்கவில்லை என்பதுதான் விந்தை. பிக் ஸ்டாரை விமர்சகர்கள் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள் என்றே நேர்காணல்களில் சொல்லிவந்தார். தன் தனி நிகழ்ச்சிகளில் பழைய சோல் பாட்டுகளையும் ஜாஸ் பாட்டுகளையும் பாடினார். உலகம் குறைத்து மதித்த குழு என்று ரசிகர்கள் சொன்னதை, மிகைப்படுத்தப்பட்ட குழு என்று அதன் தலைவரே மறுத்தார். தனக்குக் கிடைக்காததை வேண்டாம் என்று சொல்லும் மனநிலையாக இதைச் சிலர் கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகள் மாறாமல் ஒன்றையே சொன்னவரின் சொல்லை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆனாலும் 1993 ஏப்ரலில் மிசூரி பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டபோது, எல்லோரும் வியக்க, ஸ்டீவன்ஸுடன் மேடையேறச் சம்மதித்தார். தி போசீஸ் குழுவின் ஜான் ஆவரும் கென் ஸ்ட்ரிங்ஃபெல்லோவும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே நாளுக்கென்று கூடிய அந்த நால்வர் பதினேழு ஆண்டுகள் அவ்வப்போது வாசித்தார்கள். 2005ல் ‘இன் ஸ்பேஸ்’ என்ற ஆல்பமும் தந்தார்கள்.

1998ல் தொடங்கிய ‘தட் செவன்டீஸ் ஷோ’ என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டு, ‘இன் தி ஸ்ட்ரீட்’டின் மறுவடிவம். எட்டு ஆண்டுகள் அமெரிக்க வீடுகளில் வாரந்தோறும் அது ஒலித்தது. கேட்ட கோடிக்கணக்கானோரில் பிக் ஸ்டார் என்ற பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு எழுபது டாலர் வருவதாகச் சில்டன் சொன்னார். தொடரின் பெயரிலும் எழுபது இருக்கிறது என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

2010 மார்ச் 20 அன்று டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. மூன்று நாள் முன்பு, மார்ச் 17 அன்று, நியூ ஆர்லியன்ஸில் சில்டன் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. நிகழ்ச்சி ரத்துசெய்யப்படாமல் அஞ்சலியாக நடந்தது. ஆர்.இ.எம்.மின் மைக் மில்ஸ், கிறிஸ் ஸ்டேமி உள்ளிட்டோர் சில்டனின் இடத்தில் நின்று பாடினார்கள். டெக்சஸில் பொறியாளராக வாழ்ந்துவந்த ஆண்டி ஹம்மலும் அன்று மேடையேறினார். நான்கு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று, அவர் புற்றுநோயால் இறந்தார். 2014 டிசம்பரில் ஜான் ஃப்ரையும் போய்ச் சேர்ந்தார். தொடக்க உறுப்பினர்களில் எஞ்சிய ஜோடி ஸ்டீவன்ஸ், இருபது வயதில் டிரம்ஸ் வாசித்த அதே ஆர்டென்ட் கூடத்தின் நிர்வாகத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார்.